வீட்டுக்கு ஒரு ஓட்டு

உக்காருப்பா, உக்காரு. எதுக்கு நின்னுக்கிட்டே இருக்க? இவனுங்க கூட்டம் முடிஞ்சு உன் நாற்காலியெல்லாம் உன் கைக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இந்த மோட்டார் ரூம் படியில நிழல் இருக்கு, வா. பேசத் தெரியாதவன் கையில மைக் கிடைச்சா லேசுல விடுவானா? இப்ப இருக்கற சங்கத்துல எல்லாரும் பேசலாமாம். ஜனநாயகமாம். நான் செயலாளரா இருந்த காலத்துல பொதுக்குழு இருபத்தஞ்சே நிமிஷம். வரவேற்புரை, ஆண்டறிக்கை, நன்றியுரை, தேசிய கீதம், காபி. எவனாவது எழுந்து நின்னு வாயைத் திறந்தான்னா, "எழுத்து மூலமாக் குடுங்க"ம்பேன். ஒரு பயலும் குடுத்தது கிடையாது.

அப்ப நீங்க ஏன் சார் வெளிய உக்காந்திருக்கீங்கன்னு கேக்கற. வாயால கேக்கல, கண்ணால கேக்கற. சொல்றேன். என்னை உள்ள விடல. என்னை! இந்த ஏகாம்பரத்தை! இந்த மீனாம்பிகை நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தை எண்பத்தேழுல பதிவு பண்ணவன் நான். பதிவு நம்பரைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். வாசல்ல ஒரு பொண்ணு உக்காந்திருக்கு பாத்தியா, மடியில கம்ப்யூட்டர் வச்சுக்கிட்டு? புது அபார்ட்மென்ட் பொண்ணு. "அங்கிள், நாலாவது தெரு பன்னெண்டாம் நம்பர் வீட்டுக்கு ஏற்கெனவே பதிவாயிடுச்சு அங்கிள். வீட்டுக்கு ஒரு ஓட்டுதான் அங்கிள்"ங்குது. மூச்சுக்கு மூச்சு அங்கிள். நான் இங்க கிணறு வெட்டினப்ப உங்க அப்பன் பொறந்திருப்பானா?

யார் பதிவு பண்ணதுன்னு நான் கேக்கல. எதுக்குக் கேக்கணும்? என் பையன் சுதாகர்தான். பூனாவுல இருக்கான். இப்பல்லாம் எல்லாமே ஃபோன்லதானே? அங்கேருந்தே ஏதோ தட்டிவிட்டிருப்பான், சொல்ல மறந்திருப்பான். போகட்டும். என் பையன் ஓட்டும் என் ஓட்டும் வேற வேறயா? சுவர் இருக்கணும்னுதான் போடுவான். 

அதான் இன்னைக்கு விஷயம். சுவர். கிழக்கால எட்டடி உசரத்துக்கு ஒரு சுவர் நிக்குதில்ல, நகருக்கும் கன்னியம்மன் மேட்டுக்கும் நடுவுல? அதை இடிச்சு வழி விடறதா, வேண்டாமான்னு இன்னைக்கு ஓட்டெடுப்பு. தீர்மானம் எண் மூணு. அந்தச் சுவரைக் கட்டினவன் நான். அதை இடிக்கிறதைப் பத்திப் பேச நான் உள்ள போகக்கூடாது. நேத்து வந்தவனெல்லாம் உள்ள ஃபேன் காத்துல உக்காந்திருக்கான். இந்த அக்கிரமத்தை நீ எங்கயாவது கேட்டிருக்கியா?

நீ எந்த ஏரியா? 

ஓ... மேடா? கன்னியம்மன் மேடா? அட, சாமியானா ராஜவேலு கடை மேட்டுலயா இருக்கு? எனக்குத் தெரியாதே. அப்ப நாற்காலியெல்லாம் ஏரிக்கரை ரோட்டைச் சுத்திக் கொண்டாந்தியா? அடேயப்பா. சரி சரி. உன்னைச் சொல்லலப்பா நான். உன்னைப் பாத்தாலே தெரியுது, உழைச்சுச் சாப்பிடற பிள்ளை. நான் பொதுவாச் சொல்றேன். எழுந்திரிக்காத, உக்காரு.

முதல்லேருந்து சொல்றேன், அப்பத்தான் உனக்கு நியாயம் புரியும்.

எண்பத்தேழுல இங்க மொத்தம் ஒம்போது வீடு. ஒம்போது! தாம்பரத்துல பஸ்ஸை விட்டு இறங்கினா சைக்கிள், சைக்கிளை விட்டு இறங்கினா சேறு. பாம்பு வீட்டுக்குள்ள சர்வசாதாரணமா வரும், போகும். கரண்ட் கிடையாது. நான் பத்திரப்பதிவு ஆபீஸ்ல தலைமை எழுத்தர். ஆபீஸ்ல இருந்தே வெள்ளைத் தாள் கொண்டாந்து மனு எழுதுவேன். 'கனம் பொருந்திய' அப்படின்னு ஆரம்பிச்சேன்னா படிக்கிறவன் எழுந்து நிக்கணும், அப்படி எழுதுவேன். ஒம்போது வீட்டு ஆம்பளைங்களும் ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மாடிப்படி கிட்டக் கூடுவோம். மரகதம் காபி போட்டுக் குடுப்பா. மரகதம், எங்க வீட்ல. அப்படித்தான் சங்கம் பொறந்தது.

போஸ்ட் கம்பம் வந்தது, என் மனுவால. தெருவிளக்கு, என் மனுவால. தெருவுக்குப் பேர் வைக்கலாம்னானுங்க, ஆளாளுக்கு அவங்கவங்க தாத்தா பேரைச் சொன்னானுங்க. நம்பர் போதும்டான்னுட்டேன். ஒண்ணாவது தெரு, ரெண்டாவது தெரு. ஒழுங்கு வேணும்ல? தொண்ணூறுல நாப்பது வீடு. தொண்ணூத்தஞ்சுல நூத்தி இருபது. ஏரி வாய்க்காலைத் தூர்த்து அதுல பதினாறு மனை போட்டான் லே அவுட்காரன், அதையும் வாங்கிட்டானுங்க. இப்ப அபார்ட்மென்ட்டையும் சேர்த்தா அறுநூத்தி சொச்சம். எவன் யாருன்னே தெரியல. அரை டிராயர் போட்டுக்கிட்டு நாயைக் கூட்டிக்கிட்டுப் போறான், வணக்கம் சொன்னா காதுல இருக்கற ஒயரைக் கழட்ட மாட்டேங்கறான். வாட்ஸப்புல மட்டும் காலங்காத்தால எல்லாருக்கும் பூவும் தீபமும் அனுப்புவான்.

சுவருக்கு வரேன். அந்தக் காலத்துல மேட்டு ஜனங்க எல்லாம் நம்ம நகருக்குள்ள பூந்துதான் பஸ் ஸ்டாப்புக்குப் போவாங்க. வண்டித்தடம் ஒண்ணு இருந்தது. நகர் வர்றதுக்கு முன்னாடியே இருந்ததுன்னு சொல்லுவாங்க. சொல்லுவாங்க, என்ன வேணா சொல்லலாம். பத்திரத்துல இருக்கா? இல்ல. காலையில ஆறு மணிக்குக் கூட்டம் கூட்டமாப் போவாங்க, சித்தாள் வேலைக்கு, கம்பெனி வேலைக்கு, பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு. சத்தமாப் பேசிக்கிட்டு. புது வீடு கட்டி ஆசையாக் குடிவந்தவங்களுக்கு எப்படி இருக்கும்? நான் சாதி கீதி பாக்கறவன் இல்லப்பா. எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கறதே மேட்டு அம்மாதான், அலமேலு. முப்பது வருஷமாத் தேய்க்குது. சுவர் கட்டினப்புறமும் சுத்திக்கிட்டு வந்து தேய்க்குது, ஒருநாள் லேட்டுன்னு கிடையாது. நடந்தா உடம்புக்கு நல்லதுதானே?

அப்புறம் திருட்டு. தொண்ணூத்தேழுல ரங்கபாஷ்யம் வீட்டுத் தண்ணி மோட்டாரை ராத்திரியோட ராத்திரியாக் கழட்டிட்டானுங்க. அன்னைக்கே அவசரக் கூட்டம் போட்டேன். ஏகமனதாத் தீர்மானம். மூணே வாரத்துல சுவரை எழுப்பிட்டேன். அந்த மோட்டாரை எடுத்தது ரங்கபாஷ்யம் மச்சினன்தான்னு ஆறு மாசம் கழிச்சுத் தெரிஞ்சது. குடிக்க வித்துட்டான். அது அவங்க குடும்ப விஷயம், அதை எதுக்கு வெளிய பேசணும்னு விட்டுட்டோம். சுவர் கட்டினது கட்டினதுதானே? கட்டின சுவரை எவனாவது இடிப்பானா?

இப்பத்தான் இந்த டீச்சர் கதை வருது. ஜெசிந்தா டீச்சர். இன்னைக்குத் தலைவர். கேக்குது பாரு மைக்குல, "உறவுகளே, உறவுகளே"ன்னு. அவங்கதான். தெக்கத்திக்காரங்க. அப்ப ரங்கபாஷ்யம் வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தாங்க. வாடகைக்கு! அதைக் கவனிச்சுக்கோ. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மத்தவங்க மாதிரி காபி குடிச்சுட்டுச் சும்மா இருக்கக் கூடாதா? மினி பஸ் வேணும்னு போக்குவரத்து ஆபீஸ்ல போய் உக்காந்துட்டாங்க. நாலு தடவை. நான் மனு எழுதிக்கிட்டே இருக்கேன், இவங்க நேர்ல போய் பஸ்ஸைக் கொண்டாந்துட்டாங்க. பஸ்ஸுக்கு மாலை போட்டு, தேங்கா உடைச்சு, பொம்பளைங்க எல்லாம் டீச்சர் டீச்சர்னு. எங்க வீட்ல கூட ஓடிப் போய் நின்னா. முறைச்சு உள்ள கூப்பிட்டேன்.

அடுத்த வருஷம் செயலாளர் பதவிக்கு நிக்கறேன்னு மனு குடுத்தாங்க அந்தம்மா. எனக்கு எதிரா! நான் என்ன பண்ணேன் தெரியுமா? சண்டை போடல. சத்தம் போடல. வீட்டுக்கு வந்தேன், சட்டதிட்டப் புத்தகத்தை எடுத்தேன், ஒரே ஒரு விதி எழுதினேன். விதி ஏழு. 'நகர் எல்லைக்குள் தம் பெயரில் கிரயப் பத்திரம் உள்ளவர் மட்டுமே உறுப்பினர் ஆவார். வீட்டுக்கு ஒரு ஓட்டு.' ரெண்டே வரி. அடித்தல் திருத்தல் கிடையாது. பொதுக்குழுவுல படிச்சேன், கை தட்டினானுங்க. அந்தம்மா மனுவுல சிவப்பு மையில 'தகுதியில்லை'ன்னு எழுதித் திருப்பிக் குடுத்தேன். "சரிங்க சார்"னு வாங்கிக்கிட்டுப் போனாங்க. அவ்வளவுதான். முகத்துல ஒண்ணும் காட்டல. அழுத்தக்காரி.

ஏழே வருஷத்துல ரெண்டாவது தெருவுல வீடு வாங்கினாங்க. அப்புறம் எலக்‌ஷன்ல நின்னு என்னைத் தோக்கடிச்சாங்க. கேக்கறவன் இருந்தாத்தானே? படிச்ச முட்டாளுங்க. எல்லாத்துக்கும் ஒரு டீச்சரம்மா கைபிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகணும் இவனுங்களுக்கு.

என்ன கேட்ட? வெள்ளமா? ஆமா, ரெண்டாயிரத்துப் பதினஞ்சு டிசம்பர்ல இங்க கழுத்தளவு தண்ணி. ஏரி உடைஞ்சது. மேட்டுக்கு ஏறல, அது பேருக்கேத்த மாதிரி மேடு. மேட்டுல இருக்கறதுல என்னப்பா பெருமை? நாங்க ரெண்டு நாள் மொட்டை மாடியில கெடந்தோம், நானும் மரகதமும். பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு. அவளுக்குச் சர்க்கரை வேற. கண்ணு சொருகிடுச்சு. உங்க ஆளுங்கதான் லாரி டியூப்பைக் கட்டிக்கிட்டு வந்தாங்க, நான் இல்லேன்னு சொல்லல. சுவர் மேல ஏறி, மேல் வரிசைச் செங்கல்லை உடைச்சுத் தள்ளி, டியூப்பை இந்தப் பக்கம் இறக்கி... மரகதத்தை அப்படியே தூக்கி அந்தப் பக்கம் குடுத்தாங்க. சர்ச்சுலயோ பள்ளிக்கூடத்துலயோ படுக்கவச்சு கஞ்சி குடுத்தாங்க. 

நீயும் வந்தியா? நீயா டியூப்பைப் பிடிச்சிருந்த?

அப்படியா.

சரி. நல்லது. அது மனிதாபிமானம்பா. நான் மதிக்கறேன். ஆனா மனிதாபிமானம் வேற, சுவர் வேற. தண்ணி வடிஞ்சதும் பொங்கலுக்குள்ள கொத்தனாரை வச்சு அந்த மேல் வரிசையை நான்தான் கட்டி முடிச்சேன். சங்கச் சொத்துக்குச் சேதம்னு போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு புகாரும் எழுதிக் குடுத்தேன். யார் மேலயும் இல்ல, 'அடையாளம் தெரியாத நபர்கள்'னுதான் போட்டேன். உன் பேரெல்லாம் அதுல இல்ல, பயப்படாத. நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல?

ஏன் சிரிக்கிற? சரி விடு.

இப்ப கேளு, என்னை எப்படி வெளிய தள்ளினாங்கன்னு. ரெண்டு வருஷம் முன்னாடி வீட்டை சுதாகர் பேருக்கு எழுதி வச்சேன். தான செட்டில்மென்ட். நான் போனப்புறம் பையனும் பொண்ணும் அடிச்சுக்கக் கூடாது பாரு. மருமகன் பார்வையே சரியில்ல, வர்றப்பல்லாம் வீட்டு மூலையை மூலையை அளக்கற மாதிரி பாப்பான். நானே கைப்பட எழுதினேன். 'ஆயுட்காலம் வரை நானும் என் மனைவியும் அனுபவித்துக்கொள்ள'ன்னு ஒரு வரி போடுவாங்க, வழக்கம். ஆயிரம் பேருக்கு நானே சொல்லியிருக்கேன், அந்த வரி இல்லாமக் கையெழுத்துப் போடாதீங்கய்யான்னு. என் பத்திரத்துல அதை நான் போடல. பெத்த பையனை நம்பலேங்கற மாதிரி இருக்கும்ல? பதிவு முடிஞ்சு வந்து மரகதத்துகிட்ட சொன்னேன். "அப்ப நான் எங்க இருப்பேன்?"னு கேட்டா. என்ன கேள்வி இது? எங்கூடத்தான் இருப்ப, வேற எங்க இருப்பன்னேன். போய்த் துணி மடிச்சா. பொம்பளைங்களுக்குப் பத்திரம் எங்க புரியுது?

போன வருஷம் சங்கத்துல பட்டியல் சரி பாத்திருக்காங்க. டீச்சரம்மா நேர்லயே வந்தாங்க வீட்டுக்கு. அதுவும் என்னமா வந்தாங்கன்ற, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கிட்டு. "சார், பத்திரம் இப்ப உங்க பேர்ல இல்ல. விதி ஏழுப்படி நீங்க உறுப்பினர் இல்ல. எனக்கே சங்கடமா இருக்கு"ன்னாங்க. சங்கடமாம்! உள்ளுக்குள்ள எத்தனை குளிர்ந்திருக்கும்? இருபது வருஷத்துக்கு மேல காத்துக்கிட்டிருந்தாங்கப்பா அந்த ஒரு வார்த்தைக்கு. அப்புறம் சொன்னாங்க, "விதியில ஒரு திருத்தம் கொண்டு வந்திருக்கோம் சார். வீட்டுக்காரர் ஊர்ல இல்லேன்னா, அந்த வீட்ல குடியிருக்கறவர் ஒருத்தர் பதிவு பண்ணிக்கலாம். அவருக்கு அந்த வீட்டு ஓட்டு உண்டு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க போதும்"னு ஒரு படிவத்தை நீட்டினாங்க. மேல என்ன அச்சடிச்சிருக்கு தெரியுமா? 'வாடகைக்கோ ஒத்திக்கோ பிற வகையிலோ குடியிருப்போர்.' பிற வகை! நான் கட்டின வீட்ல நான் பிற வகை! வாசலைக் காட்டினேன். படிவத்தைக் கசக்கி பழைய பேப்பர் கட்டுல எறிஞ்சேன். வாழைப்பழத்தை மரகதம் வாங்கி உள்ள வச்சுட்டா. அவளுக்கு மானம் ரோஷம்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

சுதாகருக்கு ஃபோன் போட்டேன். எனக்கு அதிகாரம் குடுத்து ஒரு லெட்டர் அனுப்புடான்னேன். "விடுங்கப்பா, வயசாச்சு, இன்னும் என்ன சங்கம்"னான். மீட்டிங்ல இருக்கேன்னு வச்சுட்டான். அவனுக்கும் மீட்டிங். ஆனா பாரு, கடைசில பதிவு பண்ணிட்டான். இருக்கும்ல ரத்தம்?

சுவர் விவகாரம் எதனால திரும்பக் கிளம்புச்சுன்னு உனக்கே தெரிஞ்சிருக்கும். அலமேலுவோட பேத்தி. பதினொண்ணாவது படிச்சுக்கிட்டிருந்தது. ஏரிக்கரை ரோட்ல சைக்கிள்ல பள்ளிக்கூடம் போறப்ப மண்ணு லாரிக்காரன் தட்டிட்டான். வலது கால் போயிடுச்சு, பாவம். பேரு என்ன... பொற்செல்வி, ஆமா. உனக்குச் சொந்தமா? பக்கத்து வீடா. பாவம்தான். யாருக்குப் பாவமா இருக்காது? ஆனா லாரிக்காரனைப் பிடி, ரோடு போடாத அதிகாரியைப் பிடி. சுவர் என்ன பண்ணுச்சு? சுவர் போய் மோதிச்சா? இந்த டீச்சர் உடனே ஆரம்பிச்சுட்டாங்க, வழி இருந்திருந்தா அந்தப் பிள்ளை அஞ்சு நிமிஷத்துல பள்ளிக்கூடம் போயிருக்கும், ஏரிக்கரைக்கே போயிருக்காதுன்னு. 

மரகதம் வேற. ஒரு மாசம் தினம் ஆஸ்பத்திரிக்குப் போனா, தூக்குல ரசஞ்சோறு எடுத்துக்கிட்டு. எனக்கு மத்தியானச் சாப்பாடு ரெண்டு மணிக்கு. ஒருநாள் திரும்பி வந்து, கைகால் கூடக் கழுவாம என் முன்னாடி நின்னுக்கிட்டு, "அந்தச் சுவரை எத்தனை செங்கல் வச்சுக் கட்டினீங்க?"ன்னு கேட்டா. என்ன கேள்வி பாரு. இருபத்தெட்டு வருஷம் கழிச்சுக் கணக்குக் கேக்கறா. ரசீது இருக்கு, பாத்துச் சொல்றேன்னேன். நிஜமாவே பீரோவுல தேடினேன்பா. நான் வந்து சொல்றதுக்குள்ள அவ அடுப்படிக்குப் போயிட்டா.

இன்னைக்குக் கூட காலையிலேயே கிளம்பிட்டா. டீச்சர் கூப்பிட்டாங்களாம், கூட்டத்துக்குச் சுண்டல் தாளிக்கணுமாம். போய்த் தாளி, அதுக்குத்தான் நீ லாயக்குன்னேன். என் எதிராளிக்குச் சுண்டல் தாளிக்கற பொண்டாட்டி எனக்கு வாய்ச்சிருக்கா.

இரு, இரு. மூணாவது தீர்மானம் வந்துடுச்சு. சத்தம் போடாத.

கேக்குதா? "கிழக்குச் சுவரில் பன்னிரண்டு அடி அகலத்துக்குப் பாதை திறப்பது." என்ன தமிழ் இது? 'திறந்துவிடுவதென' அப்படின்னுல்ல வரணும்? முன்மொழியறவர் ஜெசிந்தாவாம். வேற யாரு. எதிர்த்துப் பேசறான் ஒருத்தன்... யாருடா அது, அபார்ட்மென்ட்காரன். 'செக்யூரிட்டி ரிஸ்க்'குங்கறான். தடுமாறுறானே! பாயிண்ட்டைச் சொல்லுடா! பத்திரத்துல பாதையே இல்லேன்னு சொல்லுடா, மக்கு! நான் உள்ள இருந்தா ரெண்டே நிமிஷத்துல முடிச்சிருப்பேன். உக்காந்துட்டான். தூ.

"வழிமொழிபவர்"ங்கறாங்க. எவன் வழிமொழியறான்னு பாக்கறேன். பேரை ஞாபகம் வச்சுக்கறேன்.

இது யாரு குரல்?

ஏம்பா, அந்த ஜன்னல்ல கொஞ்சம் எட்டிப் பாரேன். எனக்கு முட்டி வலி. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது யாரு? வயசானவங்களா? என்ன புடவை? அரக்கு பார்டர் போட்ட பச்சையா? பாத்துச் சொல்லு, நல்லாப் பாத்துச் சொல்லு.

"என் பேர் மரகதம்"ங்கறா.

"நாலாவது தெரு, பன்னெண்டாம் நம்பர் வீட்ல குடியிருக்கேன்"ங்கறா. குடியிருக்காளாம்! அப்ப அந்தப் படிவம்... பழைய பேப்பர் கட்டுலேருந்து எடுத்து நீவி நீவிக் கையெழுத்துப் போட்டிருக்கா! சுதாகர் இல்ல. சுதாகர் ஃபோனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இவதான்! நான் காபி குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்ப இவ...

"நான் வழிமொழியறேன்." அவ்வளவுதான் சொன்னா. எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லத் தெரியாது அவளுக்கு. நாலு பேர் முன்னாடி பேசினவளா? கை நடுங்குதா? பாத்தியா நீ, மைக்கைப் பிடிச்ச கை நடுங்குதா? 

நடுங்கலையா.

என்ன கைதட்டல் இது? கை தூக்கறாங்களா? எத்தனை? எண்ணாத, விடு. அந்தச் சத்தத்துலேயே தெரியுது. போச்சு. இருபத்தெட்டு வருஷம். போச்சு.

வரட்டும். வெளிய வரட்டும். இன்னைக்கு நடுத்தெருன்னு பாக்க மாட்டேன். நீ நகராத, நீ சாட்சி. அதோ வர்றா பாரு, டீச்சர் கையைப் பிடிச்சுக்கிட்டு, கல்யாணத்துக்கு வந்தவ மாதிரி. அலமேலு வேற கூட, முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு. ஏய், மரகதம்! இங்க வா! வான்னா வா! யாரைக் கேட்டு ஓட்டுப் போட்ட? ம்? யாரைக் கேட்டுப் போட்ட?

கேட்டுக்கோப்பா. என்ன சொல்றா கேட்டுக்கோ. "வீட்டுக்கு ஒரு ஓட்டுதானேங்க? நம்ம வீட்டு ஓட்டைப் போட்டுட்டேன்"ங்கறா. எவ்வளவு சாதாரணமாச் சொல்றா!

உனக்கு வெக்கமா இல்லடி? சொந்த வீட்ல இருந்துக்கிட்டு, குடியிருக்கறவன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கியே, வெக்கமா இல்ல? ஊர் பூரா மைக்குல கேட்டுச்சு!

...

கேட்டியாப்பா? சத்தமாச் சொல்லல. உனக்குக் கேட்டுதா?

"முப்பத்தெட்டு வருஷமா அப்படித்தானே இருந்தேன். எழுதினதுதான் இப்ப"ன்னா.

சொல்லிட்டு அப்படியே போயிட்டா. கோவமாக் கூடச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்குக் கேக்கத் தெரியாதா? முப்பத்தெட்டு வருஷத்துல ஒருநாள் இப்படிப் பேசினதில்லப்பா அவ. என்ன குறை வச்சேன் நான்? சொல்லு. நீ சொல்லு. என்ன குறை வச்சேன்?

நீ என்னத்தச் சொல்லுவ. நீ அந்தப் பக்கத்து ஆளு.

எல்லாரும் சுவருக்குத்தான் போறாங்க. கடப்பாரை எடுத்துக்கிட்டுப் போறானுங்க பாரு, ஞாயித்துக்கிழமைன்னு கூடப் பாக்கல. அந்தப் பக்கம் உங்க ஜனமெல்லாம் கூடியிருக்கும். டீச்சர் முதல் கல்லைத் தள்ளுவாங்க, ஃபோட்டோ எடுப்பானுங்க. இவளும் அதுல நிப்பா, பச்சைப் புடவையோட. நான் வரமாட்டேன். என்னைக் கொன்னாலும் வரமாட்டேன். நான் கட்டினது விழறதை நான் வந்து பாக்கணுமா?

வீட்டுக்குப் போறேன். போய்...

ஏம்பா, நாற்காலியெல்லாம் ஏத்திக்கிட்டு நீ எப்படிப் போவ? அந்த வழியாவா? இன்னைக்கே வழி விட்டுடுவாங்களோ என்னமோ. போறப்ப ஒரு உபகாரம் பண்ணு. கூட்டத்துல மரகதத்தைப் பாத்தா சொல்லு. திட்டினேன், கத்தினேன்னெல்லாம் சொல்லாத. வீட்டுச் சாவி அவ இடுப்புல இருக்கு. நான் மோட்டார் ரூம் படியிலதான் உக்காந்திருக்கேன்னு சொல்லு. அவசரமில்ல, அவங்களுக்கு முடிஞ்சப்புறம் வந்தாப் போதும்னு சொல்லு.